பின்னறைச் சுவர்

காரை நிறுத்தியதுமே தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“எலி செத்துக் கிடக்கும் போலிருக்குக்கா. ஜன்னலைத் திறந்துவிட்டுட்டு, சட்டுனு படத்தை எடுத்துட்டு வந்துடு.”

“நீ உள்ள வரலையா?”

“வாசல்லயே நிக்கிறேன். இந்த நாத்தம் எனக்கு ஆகாது.”

மதியம் இரண்டு மணி. நல்ல வெயில். விற்பனைக்கு வந்திருந்த காலி வீடு அது. அறைக்கு ஒரு படம் போதும் என்று தரகர் சொல்லியிருந்தார். நாலு வருடத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை. அதற்கு முன் கல்யாண வீடுகளில் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது, ஓரப்பார்வைதான் மிச்சம். யானையே எதிரில் வந்து நின்றாலும் எனக்கு அதன் காதுகள் மட்டும்தான் தெரியும்.

ஆனாலும் விடாமல் எடுத்துப் பழகினேன். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, எடுத்த படத்தை டேப்லெட்டில் பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கும்படி குனிந்து, கடைக்கண்ணால் துண்டு துண்டாகப் பார்ப்பேன். தங்கை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் தரகரிடம் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டாள். “பாத்து எடுங்கம்மா” என்றார் அவர். அந்தப் ‘பாத்து’ முள்ளாகத் தைத்தது.

கூடமும் சமையலறையும் நன்றாகவே வந்தன. உள்ளே போகப் போக நாற்றம்தான் கூடியது. அது செத்த எலியின் நாற்றமில்லை. காய்ச்சலில் கிடப்பவரின், பல நாள் துலக்காத வாயின் நாற்றம்.

பின்னறையில் கைதட்டிப் பார்த்தேன். அறையின் அளவை எனக்கு எதிரொலிதான் சொல்லும். இந்த அறை ஓசையை விழுங்கிக்கொண்டது.

படமெடுத்துப் பெரிதாக்கினேன். எதிர்ச்சுவரில் சிவப்பாக ஒரு கறை. லென்ஸில் பிசுக்கு இருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

கறை பெரிதாகியிருந்தது.

ஈரம் கசிந்து பூஞ்சை பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அப்படியே அனுப்பினால், ‘கண்ணு தெரியாதவகிட்ட குடுத்தா இப்படித்தான்’ என்பார்கள். டேப்லெட்டைக் கையில் பிடித்தபடி சுவரருகே போனேன். எதையும் நான் பார்ப்பதுபோல, முகத்தை இரண்டு விரல்கடை தூரத்துக்குக் கொண்டுபோய்த் தலையைச் சாய்த்தேன்.

ஊதிய இளஞ்சிவப்புச் சதை. நெடுக வெடிப்புகள். வெடிப்புகளில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. ஓரத்தில் ஈர முடிகள்.

கன்னத்தில் சூடாக ஒரு காற்று பட்டது.

நின்றது.

மறுபடி பட்டது.

நான் விலகுவதற்குள் சுவர் என் வாயோடு வாய் வைத்தது.

கொழகொழவென்று, வெதுவெதுப்பாக. திரிந்த பாலின் ஏடுபோல ஏதோ ஒன்று என் பல்லிடுக்கில் வழுக்கி உள்ளே போனது. பின்னால் விழுந்து, அங்கேயே குடல் வெளியே வருமளவுக்கு வாந்தியெடுத்தேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கை என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா ஆச்சு?”

“சுவரு... சுவரைப் பாரு.”

“சுவருக்கென்ன? வெள்ளையா, பளிச்சுன்னு இருக்கே. உன் கண்ணுலதான்...”

டேப்லெட்டை அவளிடம் நீட்டினேன். அவள் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டு வலிக்கும்படி பிடித்து இழுத்தாள்.

“எழுந்திரு. சத்தம் போடாம வா.”

வண்டி இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

“அது உதடுக்கா. திறந்திருக்கு. உள்ள பல்லு. ஒரு வரிசைக்குப் பின்னாடி இன்னொரு வரிசை, அதுக்குப் பின்னாடியும்...”

நாலு வருடமாக என் கண்ணைப் பற்றி ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொல்லித் திரிந்தவள், தன் கண்ணை விட்டுவிட்டு என் படத்தை நம்பினாள். வேறொரு நாளாக இருந்தால் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அன்று வண்டியை நிறுத்தச் சொல்லி மறுபடி வாந்தியெடுத்தேன்.

வேலை வேண்டாமென்று தரகரிடம் சொன்னோம். படங்களை அழித்தோம். ஈறில் ரத்தம் வரும்வரை பல் துலக்கினேன். சோற்றை வாயில் வைத்தால் அந்தக் கொழகொழப்புதான் ஞாபகம் வந்தது; என் எச்சிலை விழுங்கவே எனக்குக் குமட்டியது.

நாலாம் நாள் காலை வாய் கொப்பளித்தபோது, தொட்டியில் டக்கென்று ஏதோ விழுந்தது. எடுத்துக் கண்ணோரம் பிடித்துப் பார்த்தேன்.

கடைவாய்ப் பல். மஞ்சளாக, வேரில் சதையோடு.

பதறி நாக்கால் என் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

நாக்கைக் கன்னத்தின் உட்புறம் கொண்டுபோனேன். அங்கே சதைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று, மெல்ல, ருசி பார்ப்பதுபோல, நாக்கைக் கடித்தது.