இரண்டு பாக்கெட் வெண்ணெய்

போன் அலறியது. காலை ஆறு மணி.

அண்ணன்காரன் எடுத்தான். ரத்த வங்கி டெக்னீஷியன் அம்மா பேசினாள்.

"உங்க தங்கச்சிக்கு ரத்தக்கசிவு நிக்கல சார். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு வேணும். உங்களோடதுதான் சேருது. பத்து மணிக்கு வந்துடுங்க."

"உசுரையே குடுப்பேன்மா..."

"தட்டணு போதும். எண்ணெய்ப் பண்டம் மட்டும் தொட்றாதீங்க. கொழுப்பு சேர்ந்தா ரத்தம் பால் மாதிரி ஆயிடும். சோதனையே பண்ண முடியாது. தூக்கித்தான் போடணும்."

போனை வைத்தான். சிரித்தான்.

முந்தாநாள் மாடிப்படியில் தங்கையைத் தள்ளிவிட்டது இவன்தான். 'கால் தவறி விழுந்துட்டா' என்று ஊரைக் கூட்டி அழுததும் இவன்தான். அவள் கண்ணைத் திறந்து, வாயையும் திறந்தால்... இவன் கழுத்துக்குக் கயிறு.

போகாவிட்டால் சந்தேகம் வரும். போக வேண்டும். ஆனால் உதவக்கூடாது.

இரண்டு பாக்கெட் வெண்ணெயை உருக்கினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தான். குமட்டியது.

கூடப்பிறந்தவளுக்காக இதுகூடச் செய்ய மாட்டானா என்ன?

பத்து மணி. ரத்த வங்கி. பக்கத்து சாய்வு நாற்காலியில் ஒரு வழுக்கைத் தலை ஆசாமி, ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு படுத்திருந்தார்.

"காலையில என்ன சாப்டீங்க?" என்றாள் டெக்னீஷியன் அம்மா.

"ரெண்டு பிஸ்கட். பால் இல்லாத டீ."

கொஞ்சம் ரத்தம் எடுத்தாள். சுழலும் இயந்திரத்தில் வைத்தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய மேல் பாதி... வெள்ளை வெளேர்!

"இது ஆகாது சார்."

"ஐயோ... அப்ப என் தங்கச்சி?" குரலை உடைத்தான். அளவாக.

"அவங்க விடியக்காலம் அஞ்சு மணிக்கே போயிட்டாங்க. கண்ணே திறக்கல."

ஐந்து மணிக்கா? போன் வந்தது ஆறுக்கு அல்லவா?

"பின்ன எதுக்கு என்னை..."

"நான்தான் கூப்பிடச் சொன்னேன்." வழுக்கைத் தலை எழுந்து உட்கார்ந்தது. "இன்ஸ்பெக்டர். கால் தவறித்தான் விழுந்தாங்கன்னு ஃபைலை மூடப் போனோம். எதுக்கும் அண்ணன் பாசத்தை ஒரு தடவை பாத்துடலாமேன்னு தோணுச்சு. நீங்க சொன்ன அந்த ரெண்டு பிஸ்கட்டோட வந்திருந்தா, துக்கம் விசாரிச்சு அனுப்பியிருப்பேன்."

"வெண்ணெய் தின்னா கொலைகாரனா சார்?"

"வெண்ணெய்னு நாங்க யாரும் சொல்லவே இல்லையே."

கையில் விலங்கு ஏறியது. அவனுக்கு மறுபடி குமட்டியது.

"வாந்தியை அடக்கிக்குங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஜெயில் உள்ள ஒரு மாசம் எங்க சாப்பாட்டைச் சாப்பிடுங்க. ரத்தம் கண்ணாடி மாதிரி தெளிஞ்சுடும்... அப்புறம் யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்."