பந்து வருகிற பக்கம்

ஹாக்கி விளையாடுகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குக் கோல் போடத்தான் ஆசை. அனுசுயாவுக்கோ கோலைத் தடுக்க ஆசை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேகமாக வருகிற பந்து கால் பேடில் 'டப்' என்று மோதித் திரும்பும்போது அவளுக்கு உச்சந்தலை வரை குளிர்ந்துபோகும். அவ்வளவுதான்.

அனுசுயா ஏழாம் வகுப்பு. வீடு திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில். அப்பா முனீஸ் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். அம்மா ஒச்சம்மாள் பனியன் கம்பெனியில் டெய்லர். அனுசுயா பிறப்பதற்கு முன்பே இருவரும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்துவிட்டார்கள்.

அந்த வருடம் பள்ளி திறந்ததும் விளையாட்டு ஆசிரியருக்குக் கணியூருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. ஹாக்கி மட்டைகளை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பள்ளி அணி அதோடு கலைந்தது.

அனுசுயா இரண்டு வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தாள். மூன்றாவது வாரம் ஒன்றல்ல, இரண்டு அணிகள் அவளைக் கூப்பிட்டன.

முதலில் கூப்பிட்டது திருப்பூர் நகருக்குள் இருக்கிற ஸ்டார் கிளப். அதன் பயிற்சியாளர் சிவராஜ், போன வருடம் பள்ளிப் போட்டியில் அனுசுயா கோல் காத்ததைப் பார்த்திருக்கிறார். அப்பாவுக்குப் போன் செய்து, பெண்ணை ஒரு நாள் அழைத்துக்கொண்டு வரச் சொன்னார். இரண்டாவது, நெருப்பெரிச்சல் பெண்கள் அணி. அதை நடத்துகிற விஜயகுமாரி, அம்மா வேலை செய்கிற கம்பெனியில்தான் செக்கிங் சூப்பர்வைசர். தங்களிடம் கோல்கீப்பரே இல்லை என்று அம்மாவிடம் அவர் சொல்லியனுப்பினார்.

காலாண்டு விடுமுறையில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஒரு போட்டி நடக்க இருந்தது. ஒரு பெண் ஓர் அணியில்தான் பெயர் கொடுக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஸ்டார் கிளப்தான். மூணு வருசமா கப்பு அவங்களுக்குத்தான்" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அது சரிப்படவில்லை. கிளப்புக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விஜயகுமாரியின் மைதானம் நடக்கிற தூரம். இருவரும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் வாதாடினார்கள். ரசம் ஆறிப்போனது.

"ரெண்டு பக்கமும் ஒரு நாள் விளையாடிப் பாக்குறேன்ப்பா. அப்புறம் சொல்றேன்" என்றாள் அனுசுயா. அதற்கு இருவரும் சம்மதித்தார்கள்.

சனிக்கிழமை அப்பா அவளைக் கிளப்புக்கு அழைத்துப் போனார். மைதானம் பச்சைப் பசேல் என்று இருந்தது. கோல்கீப்பருக்கு என்றே ஒரு பெட்டி நிறையப் பொருள்கள் வைத்திருந்தார்கள். ஹெல்மெட் அவள் தலைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. கிளப்பின் கோல்கீப்பர் நிர்மலா அவளைவிட ஒரு வயது மூத்தவள். பேடைக் கட்டிவிட்டு, எப்படி நிற்க வேண்டும், முட்டியை எவ்வளவு மடக்க வேண்டும் என்று பொறுமையாகக் காட்டினாள். பத்தே நிமிடத்தில் அனுசுயா புதிதாக மூன்று விஷயங்கள் கற்றுக்கொண்டாள்.

அன்று வெளியூர் அணி ஒன்றோடு பயிற்சி ஆட்டம். முதல் பாதியில் நிர்மலா நின்றாள். இரண்டாம் பாதியில் அனுசுயா.

நின்றாள் என்றால், நின்றாள் அவ்வளவுதான். பந்து வரவே இல்லை. ஆட்டம் முழுக்க அந்தக் கோடியில் நடந்தது. கிளப் பெண்கள் கோல் மேல் கோலாகப் போட்டார்கள். அனுசுயா ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். கம்பி வேலியில் வந்து உட்கார்ந்த மைனாக்களை எண்ணினாள். பதினாலு. கொட்டாவி விட்டாள். ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பந்து திடீரென்று இந்தப் பக்கம் வந்தது. அவள் பதறிக்கொண்டு காலை நீட்டுவதற்குள் வலைக்குள் போய்விட்டது. எட்டுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. அந்த ஒன்று அவள் விட்டது.

பேடை அவிழ்க்கும்போது நிர்மலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் இப்படித்தான் ஆகுது. போன வருசம் ஒரு மேட்ச்ல வந்ததே ரெண்டு பந்து. ரெண்டையும் விட்டுட்டேன். திரும்பி வரும்போது வேன்ல யாருமே எங்கிட்டப் பேசல" என்றாள். சொல்லும்போது அவள் குனிந்து பேடின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் முன் அனுசுயா சிவராஜிடம் போய், இங்கே சேர்ந்தால் எத்தனை ஆட்டம் ஆடுவேன் என்று நேராகக் கேட்டாள். அப்பா சங்கடப்பட்டுச் செருமினார். சிவராஜ் சங்கடப்படவில்லை.

"பொய் சொல்லக் கூடாதுல்ல கண்ணு. இந்த வருசம் நிர்மலாதான் நிப்பா. நீ சப்பு, அவளுக்கு மாத்தாளு. ஆனா இங்க வந்தீன்னா எல்லாத்தையும் முறையாக் கத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை நெருப்பெரிச்சல் மைதானம். அப்பா வேலை செய்கிற நிட்டிங் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் இருக்கிற பொட்டல் அது. புல் என்று சொல்ல ஒரு மூலையில் கொஞ்சம் அருகம்புல். அணியில் இருந்த பத்துப் பேரும் ஒரே மாதிரி பனியன் போட்டிருந்தார்கள். ஏற்றுமதிக்குப் போகாமல் கம்பெனியில் ஒதுக்கிய பனியன்கள். பத்தின் முதுகிலும் ஏழாம் நம்பர்.

"நம்பர் ஏழு, பந்தக் குடு" என்று யாராவது கத்தினால் ஒன்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹெல்மெட் பெரியதாக இருந்ததால் விஜயகுமாரி உள்ளே பனியன் வேஸ்ட் துணியைத் திணித்துக் கொடுத்தார். பக்கத்து ஊர்ப் பெரிய பெண்களோடு ஆட்டம் ஆரம்பித்தது. ஆரம்பித்த நிமிடத்திலிருந்து அனுசுயாவுக்கு மூச்சு விட நேரமில்லை.

இடது பக்கமிருந்து ஒரு பந்து. அதைத் தடுத்துத் திரும்பினால் வலது பக்கமிருந்து இன்னொன்று. பின்னால் நின்று காக்க வேண்டிய லிப்சா, பந்தைக் கண்டதும் முன்னால் ஓடிவிடுவாள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. அவளுக்கு ஓட்டம்தான் பிடிக்கும், காவல் பிடிக்காது. அனுசுயா உதைத்தாள், விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள்.

நூல் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து பார்த்த அப்பா, முதலில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார். விரல் தீர்ந்துபோனதும் எழுந்து நின்றுவிட்டார். இருபத்தாறு பந்து வந்தது. அனுசுயா இருபத்தொன்றைத் தடுத்திருந்தாள். அணி ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றது.

முழங்கை இரண்டும் தேய்ந்து, முகமெல்லாம் செம்மண்ணாக அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். விஜயகுமாரி முழங்கையைப் பார்த்து உதட்டைக் கடித்தார்.

"இங்க பந்துக்குக் குறைவே இல்ல கண்ணு. ஆனா கோல்கீப்பர் எப்படி நிக்கோணும், எப்படி விழோணும்னு சொல்லித்தர எனக்குத் தெரியாது. நான் முன்னாடி நின்னு கோல் போடுற ஃபார்வர்டு ஆடுனவ. தெரிஞ்ச மாதிரி உங்கிட்டச் சொல்ல மாட்டேன்."

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அனுசுயா யோசித்தாள். அங்கே சொல்லித்தர ஆள் இருக்கிறது, பந்து வராது. இங்கே பந்து வருகிறது, சொல்லித்தர ஆள் இல்லை. வீட்டிலோ இப்போது எல்லாம் தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்த அப்பா, நெருப்பெரிச்சல்தான் சரி என்றார். முழங்கையைப் பார்த்த அம்மா, கிளப்புக்கே போகட்டும், பஸ்ஸுக்கு என்ன, இரண்டு மாறினால் மாறட்டும் என்றார்.

புதன்கிழமை கணக்கு வகுப்பில் இருக்கும்போது அவளுக்கு நிர்மலாவின் ஞாபகம் வந்தது. வேனில் யாரும் பேசாமல் வந்தது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. சந்தோஷத்தில், கணக்குக்குப் பதில் தெரியாமலே கையைத் தூக்கிவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவை அழைத்துக்கொண்டு கிளப்புக்குப் போனாள். நெருப்பெரிச்சலில் பெயர் கொடுக்கப் போவதாக சிவராஜிடம் சொன்னாள். கூப்பிட்டதற்கு நன்றி என்றும் சொன்னாள். அதோடு திரும்பவில்லை. பேடு கட்டிக்கொண்டிருந்த நிர்மலாவிடம் போனாள்.

"நிர்மலாக்கா, உங்களுக்குப் பந்து வரணும். எனக்குச் சொல்லித்தர ஆள் வேணும். ஞாயித்துக்கிழம எங்க கிரவுண்டுக்கு வர்றீங்களா? அங்க நாள் பூரா வரும்."

நிர்மலா சிவராஜைப் பார்த்தாள். சிவராஜ் தாடையைச் சொறிந்தார்.

"ஏங்கண்ணு, போட்டியில ரெண்டு டீமும் மோத வேண்டி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அப்பவும் தடுப்போமுங்க சார்" என்றாள் அனுசுயா.

சிவராஜ் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் நிர்மலா, "நான் போறேனுங்க சார். அம்மாகிட்டச் சொல்லி ஸ்கூட்டியில கொண்டுவந்து விடச் சொல்றேன்" என்று முடிவே செய்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் நிர்மலா வந்தாள். இரண்டு பேரும் மாறி மாறி கோலில் நின்றார்கள். பத்துப் பெண்களும் வளைத்து வளைத்து அடித்தார்கள். முதல் நாளே நிர்மலா நூறு பந்துக்கு மேல் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு மண்ணிலேயே மல்லாந்து படுத்தாள். ஒரு வருடத்தில் வருகிற பந்தை ஒரே நாளில் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

முழங்கை தேயாமல் விழுவது எப்படி என்று அனுசுயாவுக்கு அவள் சொல்லிக் கொடுத்தாள். இன்னொன்றையும் சொன்னாள். மைதானம் முழுவதும் கோல்கீப்பர் கண்ணுக்குத்தான் தெரியும். அதனால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவள்தான் கத்திச் சொல்ல வேண்டும்.

அனுசுயாவுக்குக் கத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொன்னாலே இரண்டாவது பெஞ்சுக்குக் கேட்காது. முதல் வாரம் "லிப்சா, பின்னாடி" என்றது அவள் ஹெல்மெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் லிப்சாவுக்குக் கேட்டது. ஆறாவது வாரம், சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கே கேட்டது. அவ்வளவு இரைச்சலையும் தாண்டி வந்த குரல் யாருடையது என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டார்களாம். தன் மகள்தான் என்று அப்பா சொன்னதைவிட அவர் மீசையை நீவிக்கொண்டதுதான் அதிகம் என்று அம்மா கேலி செய்தார்.

விடுமுறையும் வந்தது, போட்டியும் வந்தது. முதல் நாளே ஒரு தகராறு. எல்லாரும் ஏழாம் நம்பர் என்றால் எப்படி அனுமதிப்பது என்று நடுவர் கேட்டார். வேடிக்கை பார்க்க வந்த அம்மா பையிலிருந்து ஊசி நூலை எடுத்தார். துணித்துண்டுகளை வெட்டி, ஒன்பது முதுகில் ஏழுக்கு முன்னால் ஒவ்வோர் எண்ணாகத் தைத்தார். பதினேழு, இருபத்தேழு என்று போய் லிப்சாவுக்குத் தொண்ணூற்றேழு வந்தது. கடைசிப் பெண்ணுக்கு வெறும் ஏழே போதும் என்று விட்டுவிட்டார்.

ஆறு அணிகள் ஆடிய போட்டியில் நெருப்பெரிச்சல் முதல் தடவையாக அரையிறுதிக்கு வந்தது. எதிரே ஸ்டார் கிளப்.

பந்து மழையாகப் பெய்தது. அனுசுயா பத்தொன்பது பந்தைத் தடுத்தாள். இரண்டு உள்ளே போயின. மறுகோடியில் நிர்மலா சும்மா நிற்கவில்லை. தன் அணிக்காரர்களை ஓயாமல் கூப்பிட்டபடி, கால் மாற்றிக் குதித்துக்கொண்டே இருந்தாள். லிப்சா ஒரே ஒரு முறை தனியாகப் பந்தைக் கொண்டுபோய் ஓங்கி அடித்தபோது, நிர்மலா காலை நீட்டி அழகாகத் தடுத்தாள்.

கடைசியில் நெருப்பெரிச்சலுக்குப் பெனால்டி கிடைத்தது. லிப்சா ஒருத்தி அடிக்க வேண்டும், நிர்மலா ஒருத்தி தடுக்க வேண்டும். லிப்சா எப்போதும் இடது பக்கம்தான் அடிப்பாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்த நிர்மலாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? அனுசுயாவால் பொறுக்க முடியவில்லை.

"லிப்சா, வலது பக்கம் அடி."

மைதானம் முழுவதும் கேட்டது. லிப்சாவுக்குக் கேட்டது. நிர்மலாவுக்கும் நன்றாகவே கேட்டது. லிப்சா வலது பக்கம் அடித்தாள். நிர்மலா அங்கே தயாராகப் படுத்திருந்தாள்.

அனுசுயா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நடுவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். எழுந்து நின்ற நிர்மலா, மட்டையை உயர்த்தி அந்தக் கோடியிலிருந்து ஒரு சல்யூட் வைத்தாள். கிளப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்தபோது, தோற்றாலும் அனுசுயாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் மறுநாள். லிப்சா ஒரு கோல் போட்டாள். அனுசுயா ஒன்றைக்கூட விடவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம். நெருப்பெரிச்சல் அணி இதுவரை கண்ட முதல் கோப்பை அது. டீ டம்ளரைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது.

விஜயகுமாரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ரோஸ்மில்க் வாங்கி அந்தக் கோப்பையில் ஊற்றினார். பெண்கள் வட்டமாக நின்று அண்ணாந்து குடித்தார்கள். முதல் பரிசு வாங்கிய கையோடு நிர்மலாவும் அம்மாவின் ஸ்கூட்டியில் அங்கே வந்து சேர்ந்தாள். அவளையும் வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

சின்னக் கோப்பைதானே, ஆளுக்கு இரண்டு மடக்குத்தான் கிடைத்தது. கோல்கீப்பர்கள் இருவருக்கும் மட்டும் மூன்று.