சுவர் கற்ற சொல்

வகிதாவின் வீடு மறுபடியும் ஒரு சாண் சுருங்கியது. பக்கத்து வீட்டுச் சிற்சபேசன் சுவருக்கு அப்பாலிருந்து, "ஏம்மா, புது சோபா வருது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்றார். பழக்கதோஷத்தில் அவள் வாய் "பரவால்ல சார்" என்றது. நகர்சுவர் உடனே நகர்ந்துவிட்டது.

கடல்மேல் மிதக்கும் அந்நகரில் எல்லா வீடுகளுக்கும் நகர்சுவர்தான். ஒருவர் கேட்டு மற்றவர் ஒப்புக்கொண்டால் போதும். சுவருக்குள்ளிருந்த சொல்லறிவி மக்கள் பேச்சைக் கேட்டே பொருள் கற்றது. 'அட்ஜஸ்ட்' என்றால் சொன்னவர் பரப்பிக்கொள்வது, கேட்டவர் ஒடுங்கிக்கொள்வது என்று அது புரிந்துகொண்டதில் அதன் தப்பு என்ன?

போன மாதம் பிறந்த மகளுக்குத் தொட்டில் போட இடமில்லை. அன்றுதான் வகிதாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மொழி படித்தவள், 'அட்ஜஸ்ட்' என்ற வினைச்சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டினாள். ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்திருந்தது. அதற்கும் அடியில், லத்தீனில், 'அருகில்' என்று பொருள்தரும் சொல் இருந்தது. ஒருவரை ஒதுக்குவதல்ல, இருவரையும் கிட்டக் கொண்டுவருவது!

குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்தாள். "இந்தச் சொல்லுக்கு இனிமே பழைய அர்த்தத்தையே வெச்சுக்கலாம். ரெண்டு வீடும் அளவுல கிட்ட வரணும். எல்லாரும் சம்மதிச்சா சொல்லறிவி ஏத்துக்கும்."

வடை ஆறிக்கொண்டிருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை.

"பரவால்லம்மா" என்றார் சிற்சபேசன், தட்டைப் பார்த்தபடி. "பரவால்ல, பரவால்ல" என்றது மொத்தக் கூட்டமும். சுவர்கள் கேட்டுக்கொண்டன.

மறுநாள் அவருக்கு அலமாரி வந்தது. "ஏம்மா, இன்னும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன்."

"தாராளமா! பரவால்ல சார்!" என்று கத்தினாள் வகிதா.

சுவர் அவர் பக்கம் கிளம்பியது. புது சோபாவைத் தள்ளிக்கொண்டே போய், இரண்டு வீடும் சமமானதும்தான் நின்றது. "ஐயையோ, சுவருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு!" என்று அவர் அலறினார். வகிதா இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு, "ஜெயிச்சிட்டோம்டி!" என்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.

தொட்டிலும் வந்தது. வீசி ஆட்டினால் மட்டும் மறுபக்கச் சுவரில் லேசாகத் தட்டியது. அந்தப் பக்கம் ரெஜினா தனியாக இருந்தாள்.

"அக்கா, தொட்டில் இடிக்குது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறீங்களா?"

"பரவால்லம்மா" என்றாள் ரெஜினா, எப்போதும் போல.

சுவர் வகிதாவை நோக்கி வரத் தொடங்கியது. பீரோ வாங்கியபோது இதே வார்த்தையைச் சொல்லித் தானும் ரெஜினாவிடம் இடம் வாங்கியது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. முகம் சுட்டது.

"என்னம்மா, சுவர் உன் பக்கம் போகுது?" ரெஜினாவின் குரலில் ஆச்சரியம். "அடேயப்பா, கால் நீட்ட முடியுதே! எத்தனை நாளாச்சு!"

வகிதா தொட்டிலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள்.

"பரவால்லக்கா" என்றாள். "நல்லா நீட்டிக்கோங்க."