கிழிந்த காது

புத்தகம் தைக்கும் பட்டறையில் மாட்டிய எலி, யானைக்குட்டி அளவு இருப்பதாக ஊசியின் அப்பா சத்தியம் செய்தார். ஊசி கூண்டருகே கை வைத்து அளந்தாள். ஒரு சாண்கூட இல்லை. வாலைச் சேர்த்தால் தேறும்.

ஊசி என்பது அவளுடைய பட்டப்பெயர். ஆள் ஒல்லி. பேச்சும் சுருக்கென்று குத்தும்.

நாற்பது புத்தகங்களின் முதுகை எலி கொறித்திருந்தது. அப்பா நானூறு என்றார். முதுகில் தடவிய மைதாப் பசைதான் அதற்கு விருந்து. அந்தப் பசையில் அப்பா எப்போதும் துத்தம் கலப்பார். நீல நிறத்தில், கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. வாய் வைத்த எலி அந்தப் பக்கமே திரும்பாது. இந்த எலி மட்டும் எப்படித் தின்றது?

"வாளியில தண்ணி பிடிச்சிட்டு வரேன். கூண்டோட முக்கினா கதை முடிஞ்சுது" என்று அப்பா பின்பக்கம் போனார்.

ஊசி கூண்டருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது காகிதம் வெட்டும் இயந்திரத்தின் அடியிலிருந்து இன்னொரு எலி வந்தது. அதன் ஒரு காது கிழிந்திருந்தது. தரையில் பசைக் கிண்ணம் திறந்தே கிடந்தது. கிழிந்த காது அதைத் தாண்டி நேராகக் கூண்டுக்கு ஓடிக் கம்பியைக் கடித்தது. கடித்துக்கொண்டே இருந்தது. வாயோரம் ரத்தம் கசிந்தது. கம்பி அசையவில்லை.

பிறகு கிண்ணத்துக்கு ஓடியது. 'பசிதான் போல' என்று நினைத்தாள் ஊசி. அது பசையைக் கவ்வி வந்து, கம்பி இடுக்கு வழியாக உள்ளே தள்ளியது. தான் ஒரு துளியும் தின்னவில்லை.

"அப்பா, மெதுவா வாங்க. இதைப் பாருங்க."

வாளியோடு வந்த அப்பா அப்படியே நின்றார். "என்னைப் பாத்தும் ஓடலையே! பயமே இல்லையா?"

"பயம் இருக்குப்பா. உடம்பு எப்படி நடுங்குது பாருங்க. ஆனாலும் விட்டுட்டுப் போக மாட்டேங்குது."

"அதுக்காக? நாப்பது புத்தகம் போச்சே!"

நானூறு நாற்பதாகிவிட்டதை ஊசி கவனித்தாள். "இந்தத் தடவை பசையில துத்தம் போட்டீங்களா?"

அப்பா அலமாரியைப் பார்த்தார். துத்தப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஊசி தரையில் படுத்து, இரும்பு அளவுகோலால் கூண்டின் கதவை லேசாகத் தூக்கினாள்.

"ஏய், ஓடிடும்!"

ஓடவில்லை. கிழிந்த காது உள்ளே போய்விட்டது. ஊசி கதவை மெல்ல இறக்கினாள். இரண்டு எலிகளும் ஒட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தன.

அப்பா வாளியைக் கீழே வைத்தார்.

"தண்ணியை என்ன பண்றது?" என்றார் அப்பா, குரல் இறங்கி.

"புதுப் பசை காய்ச்சணும்ல?"

இருவரும் கூண்டைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டி, புதர்க்காட்டுக்கு நடந்தார்கள். கதவைத் திறந்ததும் மாட்டிய எலி பாய்ந்து மறைந்தது. அது போகும்வரை நின்றிருந்து, அப்புறம்தான் கிழிந்த காது வெளியே வந்தது.

சாயங்காலம் பக்கத்துக் கடை தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்னங்க, யானைக்குட்டி மாட்டிச்சாமே?"

அப்பா பசையில் துத்தத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னார்:

"ஒரு சாண்கூட இல்லைங்க. வாலைச் சேத்தா தேறும்."