நத்தைக்குப் பக்கத்தில் இருந்த கால்வாய்

காலை பத்து மணிக்கு நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, கால்வாய் நூல் வேண்டும் என்று கேட்டார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் ஆவண நூலகம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: நூலைக் காணவில்லை.

வேறு நூலாக இருந்தால் யாரும் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். இது காலமாகிவிட்ட ஒரு பொறியாளர், ஊருக்கடியில் பழைய கால்வாய்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்று தேடித் தேடிக் கையால் வரைந்து வைத்தது. ஒரே பிரதி. வீடு கட்டுகிறவர், கிணறு தோண்டுகிறவர், பக்கத்து வீட்டோடு எல்லைத் தகராறு உள்ளவர் என்று வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். கட்டடத்தை விட்டு அது வெளியே போகக் கூடாது. வாசலில் எல்லாப் பையையும் சோதிக்கிறார்கள். அது இருக்கும் கண்ணாடி அலமாரிக்கு ஒரே ஒரு சாவி. அந்தச் சாவி, நூல்களை எடுத்துத் தந்து அடுக்கி வைக்கும் அலமாரி அக்காவின் இடுப்பில்.

இன்று காலை வரை இருந்தது என்று சொல்ல வேண்டும். தலைமை நூலகர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"சாயங்காலத்துக்குள்ள புத்தகம் வரலைன்னா, நாளைக்கு நீ வர வேண்டாம்மா."

அக்கா அழ ஆரம்பித்தார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சம்பளத்தில்தான். கணவர், வேலை தேடுவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருப்பவர். அது தெருவுக்கே தெரிந்த கதை.

விசாரிக்க வந்தவர் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். கெட்டிக்காரர். ஆனால் தூசி ஆகாது. ஸ்டேஷனில் அவருக்குத் தும்மல் மேடம் என்று பெயர். அவருக்குப் போய்ப் பழைய நூலகத்து வழக்கைக் கொடுத்தவர் நிச்சயம் அவருக்கு வேண்டாதவர்தான்.

அலமாரியின் நடுத்தட்டு ஒரு வேடிக்கை. ஆசிரியர்களின் குடும்பப் பெயரை வைத்து அடுக்குவது இங்கே வழக்கம். அதனால் ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத மூன்று பேர், குடும்பப் பெயர் ஒன்று என்ற ஒரே பாவத்துக்காகத் தோளோடு தோள் உரசி நின்றார்கள்: சிறைச்சாலை ஆவணங்களுக்கு அட்டவணை தயாரித்த ஓர் அம்மையார், நத்தைகளை ஆராய்ந்த ஒரு பேராசிரியர், கால்வாய்ப் பொறியாளர். இவர்களில் உயிரோடு இருப்பவர் பேராசிரியர் மட்டும். ஓய்வு பெற்ற பிறகு தினமும் வந்து மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். ஊர் அவரை நத்தையார் என்கிறது, அவர் காதில் விழாதபடி.

"மூணு பேரும் கூடப் பொறந்தவங்களா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எல்லாரும் இதையே கேக்கறாங்க மேடம். ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார் நூலகர்.

"நான் ஆய்வாளன்" என்று நத்தையார் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "அந்தப் பொறியாளர் சும்மா படம் போட்டவர்."

சப்-இன்ஸ்பெக்டர் சிறைச்சாலை அட்டவணையை உருவப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததும் வந்தது. கூடவே தும்மலும் வந்தது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அதைத் திணித்துவிட்டு நத்தை நூலை இழுத்தார். இந்த முறை கைக்குட்டை தேவைப்படவில்லை.

"நல்ல கனமா இருக்கே சார்."

"இருபது வருஷ உழைப்பும்மா!" நத்தையார் மலர்ந்துபோனார்.

"நிறையப் பேர் படிக்கறாங்களா?"

நூலகர் சிரித்துவிட்டார். "அதை இதுவரைக்கும் ஒருத்தர்கூட எடுத்ததில்லை மேடம். யாருமே தொடாத புத்தகத்தை எல்லாம் அடுத்த மாசம் கழிக்கப் போறோம். இடம் வேணுமே."

நத்தையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்தது அலமாரி அக்கா.

"கால்வாய் நூலைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"போன வாரம் மேடம்."

"அலமாரியைத் திறந்து போட்டுட்டு எங்கயாவது போவீங்களா?"

"பேராசிரியர் சார் வந்தா மட்டும் திறந்து விட்டுட்டு என் வேலையைப் பார்ப்பேன். பெரிய மனுஷர், அவரை எப்படிக் காவல் காக்கறது?"

"நேத்து என்ன செஞ்சீங்க?"

"பைண்டிங் அறையிலேருந்து வந்ததை அடுக்கினேன். முதுகுல இருக்கற பேரைப் பார்த்து அதது இடத்துல வச்சேன்."

"இடம் இருந்துச்சா?"

"அளவெடுத்த மாதிரி இருந்துச்சு."

பைண்டர் பின்கட்டில் இருந்தார். முழங்கை வரை பசை.

"உங்களுக்கு வேலை எப்படி வரும்?"

"இந்த அறை வாசல் மேசையில வச்சுட்டுப் போவாங்க. நான் எடுத்துத் தைப்பேன். யார் வச்சாங்கன்னு எட்டிப் பார்க்கறதுக்கு எனக்கு நேரமில்லைம்மா."

"ரெண்டு புத்தகத்தைச் சேர்த்துத் தைக்கறது உண்டா?"

"ஒரே கயித்துல கட்டி வச்சிருந்தா ஒரே கட்டாத்தான் போடுவோம். இங்க வழக்கமே அதான். அட்டை மிச்சம்."

"முதுகுல யார் பேரு வரும்?"

"மேல இருக்கறவர் பேரு. முதுகுல ரெண்டு தலைப்பு எழுத இடம் ஏது?"

சப்-இன்ஸ்பெக்டர் எல்லோரையும் அலமாரி முன்னால் கூட்டினார்.

"புத்தகம் திருடு போகலை. இந்தத் தட்டை விட்டே அது போகலை."

"மேடம், அது இல்லைன்னு நான் கண்ணால பார்த்தேனே" என்றார் நூலகர்.

"முதுகுல தலைப்பைக் காணோம்னு பார்த்தீங்க. காலி இடத்தைப் பார்த்தீங்களா? தடிப் புத்தகம் ஒண்ணு போயிருந்தா பக்கத்துல இருக்கறது சாய்ஞ்சிருக்கணும். இங்க ஒண்ணை உருவ ரெண்டு கை வேண்டியிருந்துச்சு. அப்ப அந்தத் தடிமன் எங்க போச்சு? இன்னொண்ணு. யாருமே தொடாத புத்தகம்னு சொல்றீங்க, ஆனா எனக்கு அதுல மட்டும் தும்மல் வரலை. தூசி இல்லை, பசை வாசனைதான் இருந்துச்சு."

நத்தை நூலை உருவி, பின்பக்கத்திலிருந்து திறந்தார். நீல மையில் கால்வாய்கள் விரிந்தன. அலமாரி அக்கா "ஐயோ, சாமி" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரும்மா!" என்று பதறினார் பைண்டர். "ஒருத்தரே எழுதினதுன்னு நினைச்சுத் தைச்சுட்டேன்."

"நீங்க அப்படி நினைப்பீங்கன்னு கயிறு கட்டினவருக்குத் தெரியும். திறந்த அலமாரி முன்னால தனியா நிக்கறவர் ஒருத்தர்தான். இந்த நத்தை எடைக்குப் போனா வயிறு எரியறவரும் அவர்தான்." சப்-இன்ஸ்பெக்டர் மின்விசிறிப் பக்கம் திரும்பினார். "கால்வாயை யாரும் கழிக்க மாட்டாங்க. அதோட ஒட்டிக்கிட்டா நத்தையும் தப்பிச்சுடும். நல்ல யோசனைதான் சார். கால்வாயை மேல வச்சுக் கட்டியிருந்தா, கேட்டவருக்குப் புத்தகம் கிடைச்சிருக்கும், நான் இங்க வந்து தும்மிக்கிட்டிருக்க வேண்டியதில்லை. ஆனா நீங்க நத்தையை மேல வச்சீங்க."

நத்தையார் எழுந்து நின்றார்.

"படம் போட்டவருக்குப் பின்னால நான் நிக்கணுமா?" என்றார்.

"சரி சார். ஆனா காலையிலேருந்து இந்தம்மா உங்க எதிர்லதானே அழுதுக்கிட்டிருந்தாங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரலை."

நூலகர் சாவியை நீட்டினார். அலமாரி அக்கா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிவிட்டு, நேரே நத்தையார் முன்னால் போய் நின்றார்.

"வாயில்லாத ஜீவன் நத்தைதான் சார். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

அந்த நிலைமையிலும் நத்தையாரின் ஆள்காட்டி விரல் தானாக உயர்ந்தது. "தப்பு. நத்தைக்கு வாய் உண்டு. உள்ளே ஆயிரக்கணக்கில் பல்லும் உண்டு."

"அப்படியா?" என்றார் அக்கா. "அப்ப நத்தையே தேவலை."