சனிக்கிழமை மாற்றிய கேம்

மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாக்ஸ் துண்டு சிக்கியிருந்தது. பெவன் ஷல்ட்ஸின் ரத்தம் அதில் காய்ந்து கறுத்திருந்தது. ஈக்களுக்கு நல்ல விருந்து. சார்ஜென்ட் மார்ஜ் டிரெலோர் அவற்றை விரட்டிவிட்டு, இடுக்கியால் துணியைப் பிடுங்கி உறையில் போட்டாள். டன்கோர்ட் பே போலீஸ் நிலையத்தின் பின்கொட்டகையில் திருட்டு வலையிலிருந்து ஆட்டுத்தோல் வரை எத்தனையோ கிடந்து நாறியிருக்கிறது. இது மனித நாற்றம், பழகவில்லை.

1984 மே மாதம். வியாழக்கிழமை காலை.

நடந்தது ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே புல்தரையில் மோட்டார் சைக்கிள் பந்தயம். மூன்றாவது வளைவிலிருந்து நேர்ப்பாதைக்குத் திரும்பும்போது பெவன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். வண்டி பாயவில்லை, திணறியது. பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த டெஸ் ஹார்ட்விக்கின் வண்டி பெவனின் காலை அவனுடைய வண்டிச் சங்கிலிக்குள்ளேயே தள்ளிக்கொண்டு மேலே ஏறியது.

முந்தின நாள்தான் பெவனின் பழைய இரட்டை சிலிண்டர் வண்டிக்குப் பந்தய கேம் ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, மாற்றியிருந்தார்கள். மாற்றியவன் லைல் ஜெரிக், பெவனின் தங்கை நொரீனின் கணவன். கேமைத் தப்பாக மாட்டி மச்சானின் காலை ஒடித்துவிட்டான் என்று ஊர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. மார்ஜ் கையில் எடுத்தால் வழக்கு, ஜெயில்கூட ஆகலாம். நொரீன் ஆஸ்பத்திரியே கதியென்று அண்ணனோடு தங்கிவிட்டாள். லைலுக்கு அவளிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

திங்களன்று டெஸ் வந்து போயிருந்தான். மோட்டார் சைக்கிள் கிளப் தலைவன். தோளில் ஒரு சிராய்ப்பு, கையில் மூடிபோட்ட பாத்திரம், உடம்பெல்லாம் நண்டுக்கு வைக்கும் இரையின் கவிச்சு.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழி, சார்ஜென்ட். பெவனுக்கு சூப்பு. பாவம், லைல் பேரை எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறான்."

"லைல் மேல புகார் குடுக்க வந்தீங்களா?"

"சே சே, நான் ஏன்? போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே நாங்க மைதானத்துலயே பொறி விழற டைமிங் பாத்துட்டோம். சிகரெட் பேப்பர் வெச்சு, எல்லார் முன்னாலயும். டைமிங் அச்சு அசலா இருக்கு. அப்ப தப்பு எங்க? கேமுலதான். அவன் வேணும்னு பண்ணலன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரியறேன்."

அவன் போன பிறகு மார்ஜ் சன்னலைத் திறந்து வைத்தாள். கவிச்சு போக நேரம் பிடித்தது.

இப்போது லைலை வரச் சொல்லியிருந்தாள். சவரம் செய்யாத முகமும் தூங்காத கண்ணுமாக வந்து நின்றவன், வண்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"எதுக்கு சார்ஜென்ட் இதெல்லாம்? நான்தான் பண்ணேன்னு எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன்."

"என்ன பண்ணேன்னு எழுதறது? அதச் சொல்லு."

"கேமுல... ஏதோ..." என்று இழுத்தான்.

"தெரியலல்ல? அப்ப ஸ்பேனரை எடு. உன் கையாலயே பிரி. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மார்ஜுக்கு வண்டி புதிதல்ல. அடிலெய்டில் போக்குவரத்துப் பிரிவில் மோட்டார் சைக்கிள் ஓட்டி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவள். பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் ஓட விட்டார்கள். ஒரே உதையில் எழுந்தது. நிதானமாக, சீராக நின்று ஓடியது. லைல் ஆக்சிலேட்டரைத் திருப்பினான். வண்டி ஒரு கணம் மூச்சுத் திணறி, இருமி, அரைமனதாக ஏறியது.

"சனிக்கிழமை சாயங்காலமும் இப்படியே பண்ணுச்சா?"

"ஆமா. பந்தய கேமுன்னா கீழ்வேகத்துல முரண்டு பிடிக்கத்தான் செய்யும். டெஸ்தான் தைரியம் சொன்னான், 'வேகம் ஏறினா சரியாயிடும், விடு'ன்னு. நாங்களும் விட்டுட்டோம்."

"டெஸ் அங்க இருந்தானா?"

"கிளப்புல பாதிப் பேர் இருந்தாங்க. ஒருத்தன் வண்டிய பிரிச்சா எல்லாரும் கூடிருவோம். ஒரு பக்கம் கறி சுடறது, ஒரு பக்கம் சாமான் கழுவறது. எங்களுக்குள்ள ஒரு பழக்கம், யார் எதைக் கழுவறானோ அவனே அதை மாட்டணும். டெஸ் அவன் பொண்டாட்டி காரை எடுத்துக்கிட்டு வந்து ராத்திரி வரைக்கும் கூட நின்னான். பாவம், அந்த மாதிரி ஆளு வண்டிதான் போய் மோதணும்னு இருக்கு."

அவன் பரிதாபப்பட்டது பெவனுக்காக அல்ல, டெஸ்ஸுக்காக. மார்ஜுக்கு எரிச்சல் வந்தது.

கார்பரேட்டரில் பெட்ரோல் அளக்கும் ஜெட்டை மாற்றிப் பார்த்தான். அதே திணறல். எங்காவது காற்று உறிஞ்சுகிறதா என்று இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். இல்லை. மூடியைக் கழற்றி கேமின் குறிகளைச் சரிபார்த்தான். நேருக்கு நேர் நின்றன. வால்வு இடைவெளியும் சரி.

"கேம் சரியாத்தான் இருக்கு," என்றான். சந்தோஷம் வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு அது காணாமல் போனால் என்ன செய்வதென்று தெரியாதில்லையா.

கடைசியில் டைமிங். பொறியைக் கிளப்பும் பாயின்ட் திறக்கும் இடத்தில் சிகரெட் பேப்பரைச் செருகி, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினான். குறி வந்த நொடியில் பேப்பர் வழுக்கி வெளியே வந்தது.

"பாத்தீங்களா? முடி அளவு பிசகில்ல."

"நிக்கற வண்டில பிசகில்ல. ஓடற வண்டில?"

"புரியல."

"பந்தயம் நின்ன வண்டிலயாடா ஓட்டறீங்க? டைமிங் லைட் இல்லையா உங்கிட்ட?"

"அதெல்லாம் கார்க்காரங்க சமாச்சாரம், சார்ஜென்ட். எங்க கிளப்புல யாரும் அதைத் தொட மாட்டோம். பேப்பர் தெரிஞ்சவனுக்கு லைட் எதுக்கும்பாங்க."

வறட்டுக் கௌரவம்! ஒருவன் கால் நசுங்கிக் கிடக்கிறான், இவர்கள் பேப்பரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். மார்ஜ் எதிரே இருந்த கார் பட்டறைக்குப் போய் லைட்டை வாங்கி வந்தாள்.

வண்டி ஓடியது. ஒவ்வொரு பொறிக்கும் லைட் மின்னியது. மின்னும் வெளிச்சத்தில் சுழலும் குறி ஓர் இடத்தில் நின்றாற்போல் தெரிந்தது. லைல் வேகத்தைக் கூட்டினான். வேகம் கூடக் கூடப் பொறி முந்திக்கொண்டு விழவேண்டும், குறி நகர வேண்டும். குறி நகரவே இல்லை.

லைல் இன்ஜினை அணைத்தான். "அட்வான்ஸ்..." என்றான்.

கேம் ஷாஃப்ட்டின் நுனியில், பாயின்ட் தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சின்ன உறுப்பு அது. இரண்டு எடைகள், இரண்டு ஸ்பிரிங். சுற்றும் வேகத்தில் எடைகள் விரிந்து பொறியை முன்னே தள்ளும். கேம் மாற்றும்போது அதையும் கழற்றி மாட்டத்தான் வேண்டும். லைல் தகட்டைக் கழற்றினான். எடைகள் இரண்டும் இறுகிக் கிடந்தன. விரலால் நெம்பியும் அசையவில்லை. மேலே கிரீஸ் பளபளத்தது. கீழே அச்சைச் சுற்றித் துருவும் வெள்ளைப் பொருக்கும். மார்ஜ் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள்.

"உப்பு. பெவன் வண்டி கடல் பக்கம் போகுமா?"

"பெவனா? மழை பெய்தா வண்டிக்குப் போர்வை போத்தறவன் அவன்." லைல் அந்த உறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார்ஜென்ட், இது எங்களோடதே இல்ல. எங்களோடதுல ஒரு ஸ்பிரிங் உடைஞ்சு போச்சு. நொரீனோட தையல் மெஷின்லேருந்து ஒண்ண எடுத்து நான்தான் வெட்டிப் போட்டேன். அதுக்கு அவகிட்ட வாங்கின திட்டு இருக்கே..."

"இதை சனிக்கிழமை கழுவி மாட்டினது யாரு?"

"நான் ஹெட்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டு இருந்தேன். கவனிக்கல. நிமிந்தப்ப மாட்டியிருந்துச்சு. அதுக்கு மேல தகட்டை வெச்சு டைமிங் மட்டும் பாத்தேன்."

"சரி. இந்த சீசன்ல இப்படித் திணறின வண்டி வேற எது?"

லைல் பதில் சொல்ல வாயெடுத்தான். சொல்லாமல் கையிலிருந்த உறுப்பை மறுபடி பார்த்தான். அவன் நினைவுக்கு என்ன வந்ததென்று மார்ஜுக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கேலி அது.

மதியம். டெஸ்ஸின் கொட்டகை கடற்கரையில் இருந்தது. கரையொதுங்கிய கடற்பாசி குவியல் குவியலாக அழுகிக்கொண்டிருந்தது. அவன் நண்டுக்கூண்டுகளைப் படகுக்கு இழுத்துப் போகும், பந்தயத்திலும் ஓட்டும் அதே வண்டி, பெவன் வண்டிக்கு இரட்டைப் பிறவி, வாசலில் நின்றது.

"வாங்க சார்ஜென்ட் அம்மா! லைலும் கூடவா? பெவனுக்கு சூப்பு ஆறிக்கிட்டு இருக்கு, கிளம்பிக்கிட்டே இருந்தேன்."

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க."

"எதுக்கு?"

"பண்ணுங்க."

ஓடியது. மார்ஜ் லைட்டைப் பிடித்தாள். வேகம் ஏற ஏற, குறி சொன்னபடி கேட்டு நகர்ந்தது.

"கழட்டு, லைல்."

தகடு வந்தது. உள்ளே சுத்தமான அட்வான்ஸ், உப்பின் வாசமே இல்லை. ஒரு ஸ்பிரிங் மட்டும் மற்றதைவிட மெலிதாக, வெள்ளையாக மின்னியது. லைல் அதைத் தொட்டான்.

"நொரீன் மெஷினோடது," என்றான்.

டெஸ் சிரிக்க முயன்றான். "அட, தட்டுல கழுவறப்ப மாறியிருக்கும். அத்தனை சாமான் கெடந்துச்சு."

"உங்க அட்வான்ஸ் உங்க வண்டிக்குள்ள இருக்கணும். பெவன் வண்டிய கழுவற தட்டுக்கு அது எப்படி வந்துச்சு? நடந்தா வந்துச்சு?" மார்ஜின் குரல் உயரவில்லை. "கடைக்குப் போனாலும் இந்த வண்டிலதானே போவீங்க? சனிக்கிழமை மட்டும் ஏன் பொண்டாட்டி கார்? ஏன்னா வண்டி ஓடாது. அதோட சாமான் உங்க பாக்கெட்டுல இருந்துச்சு. மாறிப் போகல டெஸ், நீங்க மாத்திட்டீங்க. பெவன் வண்டிக்கு ஏன் நோவு வந்துச்சுன்னு எல்லாரும் கேட்டீங்களே, சீசன் முழுக்க 'இருமல்காரன்'னு பேர் வாங்கின உங்க வண்டிக்கு ஞாயித்துக்கிழமை எப்படி குணமாச்சுன்னு ஒருத்தனாவது கேட்டானா?"

"புது அட்வான்ஸ் கெடைக்க மாட்டேங்குது. லண்டனுக்கு எழுதிப் போட்டும் வரல. ஒரே ஒரு பந்தயம், அவ்வளவுதான். திங்கக்கிழமை திருப்பி மாட்டியிருப்பேன். சத்தியமா! அடிபடும்னு கண்டேனா?"

"கண்டீங்க. அந்த வளைவுல முறுக்கினா வண்டி என்ன பண்ணும்னு அந்த மைதானத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். மாசக்கணக்கா அதோட குடும்பம் நடத்தினவரு நீங்க. தெரிஞ்சுக்கிட்டே அவன் முதுகுல ஒட்டிக்கிட்டு முழு வேகத்துல வந்தீங்க."

டெஸ் ஒரு நண்டுக்கூண்டின் மேல் உட்கார்ந்தான். உதட்டோரம் எச்சில் வழிந்ததைத் துடைக்கவில்லை. மார்ஜுக்கு அவனைக் கையால் தொட்டு வண்டியில் ஏற்றவே கூசியது. திருடர்களைப் பார்த்திருக்கிறாள், கொலைகாரன் ஒருவனைக்கூடப் பார்த்திருக்கிறாள். ஒருவன் காலை நசுக்கிவிட்டு அவனுக்கே கரண்டியால் ஊட்டுகிறவனை இப்போதுதான் பார்க்கிறாள். சீ!

டெஸ்ஸை அடைத்துவிட்டு, லைலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஒரு மணி நேரப் பாதை முழுக்க அவன் "பெவன் என்னைப் பாக்க மாட்டான் சார்ஜென்ட், டெஸ் சொன்னான்" என்றே புலம்பிக்கொண்டு வந்தான். கதவைத் திறந்ததும் கட்டிலருகே நொரீன் நிமிர்ந்தாள். புருஷனைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? வர முடியாதுன்னு டெஸ்கிட்ட சொல்லி அனுப்பத் தெரிஞ்சுதுல்ல? மூஞ்சில முழிக்கத் துப்பு இல்லாத ஆளு!"

"நான் எங்க சொல்லி அனுப்பினேன்? நீங்கதான் வரக்கூடாதுன்னீங்கன்னு அவன்..."

டெஸ் இரண்டு பக்கமும் பொய் சொல்லியிருக்கிறான் என்று இருவருக்கும் அப்போதுதான் புரிந்தது. கட்டிலில் பெவன் கண்ணைத் திறந்தான். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அறையில் ஒரு கெட்ட வாடை. மருந்தையும் மீறிய வாடை. காலையில் கொட்டகையில் வந்த அதே வாடை என்று மார்ஜுக்குத் தெரிந்தது.

"வந்துட்டியா மாப்ள," என்றான் பெவன். "முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்னு டாக்டர் செவ்வாக்கெழமையே கையெழுத்துக்குப் பேப்பரை நீட்டிட்டாரு. நீ வந்து பாத்து, வேற வழியில்லன்னு உன் வாயால சொன்னாத்தான் போடுவேன்னு சொல்லிட்டேன். வண்டியோ காலோ, நீ பாக்காம எனக்கு நம்பிக்கை வராதுடா."

லைல் போர்வையை விலக்கிப் பார்த்தான். காலின் கறுப்பு முழங்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது.

"இப்ப எங்க வரைக்கும் எடுக்கணுமாம்?" என்று கேட்டான்.

நொரீன் முகத்தை மூடிக்கொண்டாள். பெவன் தொடையின் மேல் கையை வைத்துக் காட்டினான்.