முதல் படியில் ஒரு குடை

நான் லிஃப்ட் மெக்கானிக். கும்மிருட்டுக் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேல் பெட்டி தொங்க வேலை பார்க்கிறவன். பயம் என்ன விலை என்று கேட்கிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் டாக்டரின் கிளினிக் வாசலில் நடந்ததைக் கேட்டுவிட்டு, இவன் எதையோ பார்த்துப் பயந்து உளறுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. உளறுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். எனக்கு அது இல்லை.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பழைய மாடி வீடு. அதைத்தான் கிளினிக் ஆக்கியிருந்தார்கள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான் குடும்ப டாக்டர்.

என்னை வளர்த்தது அக்கா. தையல் மிஷினை மிதித்தே என்னைப் படிக்க வைத்தவள். அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவிடுவாள். தான் தைத்த உடுப்பே அவளுக்குத் தொளதொளவென்று ஆகி, ராத்திரி உட்கார்ந்து தன் சட்டையைத் தானே பிடித்துத் தைத்துக்கொள்வாள்.

டாக்டரை நேரில் பார்ப்பது குதிரைக் கொம்பு. காலை எட்டு மணிக்குப் போன் லைன் திறக்கும். திறந்த உடனே, நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள் என்று ஒரு குரல். அப்புறம் ஒரு இசை. அந்த இசை எனக்குக் கனவிலும் வர ஆரம்பித்துவிட்டது. என்றைக்காவது டாக்டரே திரும்பக் கூப்பிடுவார். அக்கா சொல்வதைக் கேட்பார். "வாயுதாம்மா. மாத்திரையை மாத்தி எழுதறேன்" என்பார். வைத்துவிடுவார்.

"அந்த மனுஷனுக்கு என் குரல் தெரியும்டா" என்றாள் அக்கா. "என் வயிறு எப்படித் தெரியும்? உடம்பைப் பாக்காம நான் யாருக்காவது சட்டை தைப்பேனா?"

பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம். குடும்ப டாக்டரின் சீட்டு இல்லாமல் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. தினமும் காலையில் நாலு பேரை மட்டும் நேரில் பார்ப்பார். அதற்கு விடியும் முன்பே வந்து இடம் பிடிக்க வேண்டும். கிளினிக் வாசலில் உயரமான படிக்கட்டு. கதவை ஒட்டிய படிதான் முதல் படி, முதல் ஆளுக்கு. வருகிறவர்கள் படிக்கு ஒன்றாக ஒரு பொருளை வைத்துவிட்டு, எதிர்க் கடை வாசலில் ஒதுங்கி நிற்பார்கள். செருப்பு, பாட்டில், பை, ஏதோ ஒன்று. அடுத்தவர் பொருளை நகர்த்துகிற வழக்கம் கிடையாது.

அக்காவின் செருப்பை எடுத்துக்கொண்டு நான் போன முதல் நாள், ஐந்தாவது படிதான் கிடைத்தது. மறுநாள் இன்னும் சீக்கிரம் போனேன். அன்றும் ஐந்தாவது. எப்போது போனாலும் முதல் படியில் ஒரு கறுப்புக் குடை இருந்தது.

எட்டு மணிக்குக் கதவு திறக்கும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்காருகிற அம்மா வெளியே வருவாள். எல்லோரும் அவளைக் கண்ணாடி அம்மா என்பார்கள்.

"முதல் ஆள்."

யாரும் அசைய மாட்டார்கள். அவள் தரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள். ஒரு ஆளைப் பார்க்கிற நேரம் கழிந்த பிறகுதான் மறுபடி கதவு திறந்து இரண்டாவது ஆளைக் கூப்பிடுவாள்.

பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். சர்க்கரை நோய்க்காக வருடக்கணக்காக வருகிறவர் என்பதால் அவர் சர்க்கரை ஐயா. இடம் பிடிக்க ஒரு பச்சை பிளாஸ்க் வைப்பார். காலில் கட்டு போட்டிருந்தார்.

"யாரோட குடை ஐயா அது?"

"வரிசையில இருக்கிறவங்களோடது."

"ஆள் எங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு அம்மா இருந்தாங்க. போன்லயே வாயு, வாயுன்னு சொல்லித் தட்டிக் கழிச்சிட்டிருந்தாங்க, பாவம். ஒருநாள் முதல் ஆளா வந்து, உள்ள நாற்காலியில உக்காந்துட்டாங்க. பேரைக் கூப்பிட்டப்ப எழுந்திருக்கலை. தூங்கறாங்கன்னு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. கிளினிக்கைப் பூட்டற நேரத்துலதான் தெரிஞ்சுது."

"குடையை யாரும் எடுத்துப் போடலையா?"

"போட்டாங்களே. மறுநாள் காலையில படியில இருந்துது." அவர் பிளாஸ்க் மூடியைத் திருகினார். "அப்புறம் யாரும் தொடறதில்லை. நீயும் தொட்டுடாத தம்பி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவளுக்கு தினமும் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற என் அக்காவுக்கு ஒன்று இல்லை.

"உங்க கால் எப்படி இருக்கு ஐயா?"

"விரல் கறுத்துட்டு வருது. போட்டோ அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன். வெளிச்சம் பத்தலைன்னு பதில் வந்துது." சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு ராத்திரி முழுக்க அக்கா வாந்தி எடுத்தாள். கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. விடியும் முன்பே அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். மழை இல்லை, காற்று இல்லை. வாசல் விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. படியில் குடை, அதற்குக் கீழே இரண்டு பை, நாலாவது படியில் பச்சை பிளாஸ்க்.

ஐந்தாவது.

"வீட்டுக்குப் போயிடலாம்டா" என்றாள் அக்கா. "என்னால நிக்க முடியலை."

அவள் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. விறுவிறுவென்று படியேறிப் போய்க் குடையைப் பிடித்தேன்.

கைப்பிடி சூடாக இருந்தது.

யாரோ அதுவரை பிடித்திருந்து, எனக்காக விட்டதுபோல் இருந்தது. குப்பென்று தைல வாசனை அடித்தது. கையை உதறியிருக்கலாம். உதறவில்லை. குடையைக் கொண்டுபோய்க் கேட் ஓரமாகச் சாத்தினேன்.

"எல்லாரும் ஒரு படி ஏறிக்கங்க" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை.

"நாங்க அந்த இடத்துக்கு வரமாட்டோம் தம்பி" என்றார் சர்க்கரை ஐயா.

"அப்ப நாங்க போறோம்." அக்காவின் செருப்பை முதல் படியில் வைத்தேன்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. கண்ணாடி அம்மா தரையைப் பார்த்தபடியே, "முதல் ஆள்" என்றாள். நாங்கள் ஏறியதும் நிமிர்ந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒதுங்கி வழிவிட்டாள்.

உள்ளே நீளமான நடை. எங்கள் இருவரின் காலடிச் சத்தம். நடுநடுவே மூன்றாவதாக ஒன்று, காலை இழுத்து இழுத்து.

நின்றேன். அதுவும் நின்றது.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். கண் சிவந்து, தூங்கி எத்தனை நாளாயிற்றோ என்று தோன்றியது. முதல் ஆள் நேரத்தில் கதவு திறந்ததும் திடுக்கிட்டு எழுந்தார். அக்காவைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்கவில்லை. கட்டிலில் படுக்கச் சொன்னார். வயிற்றில் கை வைத்து அழுத்தினார்.

இத்தனை நாளாக இதற்குத்தான் காத்துக் கிடந்தோம். இந்த ஒரு கைக்கு.

"இது வாயு இல்லை" என்றார் டாக்டர். "கட்டி இருக்கு. பித்தப்பை அடைச்சிருக்கணும். இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேத்தாகணும். சீட்டு எழுதித் தரேன்."

அப்போதுதான் அக்கா சொன்னாள்.

"டேய், கையை ஏன்டா இந்த இறுக்கு இறுக்கற?"

நான் அவள் கால்மாட்டில் நின்றிருந்தேன். என் இரண்டு கையிலும் அவள் பை இருந்தது.

அக்காவின் வலது கை கட்டில் ஓரத்தில் விறைத்துக் கிடந்தது. மணிக்கட்டில் தோல் பள்ளம் விழுந்திருந்தது, அழுத்திப் பிடித்தால் விழுமே, அப்படி. அவள் எழ முயன்றாள். முடியவில்லை. நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். மறுபக்கம் யாரோ இழுத்தார்கள்.

தைல வாசனை அறையை நிறைத்தது.

"விடு" என்று கத்தினேன். "என் அக்காவை விடு!"

"கத்தாதடா." அக்காவின் பார்வை தனக்குப் பக்கத்தில் இருந்த வெறும் நாற்காலியில் இருந்தது. அவள் குரலில் பயத்தைவிட அலுப்புதான் அதிகம். "அவங்களும் என்னை மாதிரிதான். டாக்டர், இவங்களையும் ஒரு தடவை பாத்துடுங்க. விட மாட்டேங்கறாங்க."

டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் இந்த நேரத்துல அந்த நாற்காலியைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றார். "இடம் விட்டா போதும்னு நினைச்சேன். உள்ள கூப்பிட தைரியம் வரலை. வாயுன்னு சொன்னது நான்தான்."

ஒரே ஓட்டமாக ஓடினேன். கேட் ஓரத்தில் இருந்த குடையைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். குடைக்கு மேலே, வெறும் காற்றில் அதை வைத்தார்.

"எங்கம்மா வலிக்குது?"

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நெற்றியில் வேர்வை பொடித்தது. கையை நகர்த்தி நகர்த்தி வைத்தார். என்ன கேட்டாரோ, கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. அந்தச் சோதனை முடிய வெகுநேரம் ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்களை நான் நினைக்கவே இல்லை, எனக்கு அக்காவின் கை விடுபட்டால் போதும்.

கடைசியில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். ஆயிரம் பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். யோசிக்காமல் சொன்னார்.

"ஒரு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க."

அக்காவின் கை கட்டிலில் தொப்பென்று விழுந்தது. நாற்காலியில் குடை இல்லை.

நாங்கள் வெளியே வந்தபோது கண்ணாடி அம்மா மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு இதோட நேரம் முடிஞ்சுது. மத்தவங்க போன் போடுங்க." சர்க்கரை ஐயா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் படியிறங்கினார். என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

"அக்காவைப் பாரு தம்பி. நான் நாளைக்கு வந்துக்கறேன்."

அவர் காலில் இருந்த கட்டைப் பார்த்தேன். ஆனாலும் ஆட்டோவைத்தான் தேடினேன்.

அன்று மாலையே அக்காவுக்கு ஆபரேஷன். ஒரு ராத்திரி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தினமும் கிளினிக் வாசலைப் பார்த்தேன். முதல் படி காலியாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கண்ணாடியில் தையலைப் பார்த்து, "கோணலா போட்டிருக்கான்டா, பிரிச்சுத் தைக்கணும்" என்றாள். அதைக் குடும்ப டாக்டரிடம் காட்டச் சொல்லியிருந்தார்கள். போன் போட்டேன். இசைதான் வந்தது. வேறு வழி? விடியும் முன்பே இருவரும் கிளம்பினோம். அந்தக் காலையோடு சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது.

முதல் படியில் குடை இருந்தது.

வரச் சொன்னார், வந்திருக்கிறாள். அது பரவாயில்லை. ஆனால் இரண்டாவது படியில் ஒரு கைத்தடி. மூன்றாவதில் தூசி படிந்த மூக்குக் கண்ணாடிக் கூடு. அதற்குக் கீழே அறுந்த செருப்பு, குழந்தை ஷூ ஒன்று, பின்னி முடிக்காத கம்பளித் தொப்பி. படிகள் தீர்ந்து, நடைபாதையிலும் கேட் வரைக்கும் வரிசை நீண்டிருந்தது. எதிர்க் கடை வாசலில் வழக்கமான ஆட்கள், கொண்டுவந்த பொருளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த டாக்டர் பார்க்கிறார் என்ற சேதி அந்தப் பக்கமும் பரவிவிட்டது போலிருந்தது.

வரிசையின் கடைசியில் பச்சை பிளாஸ்க்.

"சர்க்கரை ஐயா எங்க?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "பிளாஸ்க் இருக்கே."

"உங்களுக்குத் தெரியாதா?" அவள் கிசுகிசுத்தாள். "முந்தாநாள் போயிட்டாரு. போன வாரம் திரும்பிப் போனதுல இருந்து படுத்த படுக்கைதானாம், கால்ல விஷம் ஏறிடுச்சாம்."

நான் குனிந்து பிளாஸ்க்கின் கைப்பிடியைத் தொட்டேன். பிளாஸ்க்கில் எத்தனை கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் கைப்பிடி சுடாது.

சூடாக இருந்தது.

"மன்னிச்சுடுங்க ஐயா" என்றேன். வேறென்ன சொல்ல?

"டேய்" என்றாள் அக்கா, என் தோளைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டே. "நம்ம செருப்பை அவருக்குப் பின்னால வை. நமக்கு முன்னாடி வந்தவங்கடா எல்லாரும்."

வைத்தேன். எட்டு மணிக்குக் கதவு திறந்தது.

"முதல் ஆள்."

கண்ணாடி அம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள். கதவைச் சாத்தினாள். படியில் குடை இல்லை. நான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருவரும் கிட்டே போகவில்லை. ஆனாலும் குடை இருந்த இடத்தில் இப்போது கைத்தடி இருந்தது. கூடும் ஷூவும் தொப்பியும் ஆளுக்கொரு படி ஏறியிருந்தன. பிளாஸ்க் ஒரு எட்டு முன்னால் போயிருந்தது.

அதன் பின்னாலேயே அக்காவின் செருப்பும்.

அக்கா அதைப் பார்த்தாள். வெறுங்காலோடு எதிர்க் கடை வாசலில் மெதுவாக உட்கார்ந்துகொண்டாள்.

"பரவாயில்லைடா" என்றாள். "வரிசை நகருது."